முகம் காணாத சிநேகிதர்களின் கண்ணீர்



ஒரு வீட்டில் மௌத்து நடந்துவிட்டால் யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது நமக்குப் பழக்கமான காரியம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போகும். வெளியூரில் இருக்கும் மாமி, சாச்சி, மதினிமாருக்குத் தொலைபேசியில் சொல்வோம். கூடப் படித்தவர்கள், ஒன்றாக வேலை செய்தவர்கள், கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்து நினைத்துச் செய்தி அனுப்புவோம். அயல் வீட்டார் சோறு சமைத்துக் கொண்டுவருவார்கள். வந்தவர்கள் மௌத்தானவரைப் பற்றி ஆளுக்கொரு நல்ல கதை சொல்வார்கள். அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பெற்ற மனம் கொஞ்சமாவது ஆறுதலடையும்.

ஆனால் இன்று நமது வீடுகளில் வளரும் பிள்ளைகளில் பலருக்கு நாம் ஒரு நாளும் கண்டிராத சிநேகிதர்கள் இருக்கிறார்கள். அறைக்குள் கணினியின் முன்னால், அல்லது கையடக்கத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு மகன் யாருடனோ சிரித்துப் பேசுகிறான். "யாரோடு மகன் கதைக்கிறீங்க?" என்றால், "ஒரு பிரெண்டோட உம்மா" என்கிறான். அந்தப் பிரெண்டின் முகம் நமக்குத் தெரியாது, ஊர் தெரியாது. சில வேளை சொந்தப் பெயர் மகனுக்கே தெரியாது. விளையாட்டில் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் தெரியும்.

அந்தச் சிநேகிதனுக்கு ஒன்று நடந்துவிட்டால் நமது பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? நமது பிள்ளைக்கு ஒன்று நடந்துவிட்டால் அவர்களுக்கு யார் சொல்வார்கள்? கண்ணால் காணாத ஒருவருக்காக அழுவது உண்மையான துக்கம்தானா? இந்த மாதம் இதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். "விளையாட்டுப் பைத்தியங்களின் கதை நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது தாய்மாருக்கான கதை.

ஒஸ்லோவில் ஒரு வீடு

நோர்வே நாட்டின் தலைநகரான ஒஸ்லோவில் மட்ஸ் ஸ்டீன் என்றொரு இளைஞர் வாழ்ந்தார். சிறு வயதிலேயே அவருக்கு டுஷென் எனப்படும் தசை நலிவு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. இது பரம்பரை அலகில் ஏற்படும் குறையால் வரும் நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். தசைகளுக்கு வலுவூட்டும் ஒரு புரதம் உடலில் சரியாக உற்பத்தியாவதில்லை. ஓடியாட வேண்டிய வயதில் பிள்ளை அடிக்கடி விழும். பத்துப் பன்னிரண்டு வயதளவில் சக்கர நாற்காலி தேவைப்படும். பின்னர் கைகள் சோரும். மூச்சும் இருதயமும் பலவீனமாகும்.

மட்ஸுக்குக் கடைசிக் காலத்தில் விரல்களை மட்டுமே ஓரளவு அசைக்க முடிந்தது. அவருக்கென்று அமைக்கப்பட்ட விசேட சாதனங்களின் உதவியோடு கணினி விளையாட்டு ஒன்றில் அவர் பொழுதைக் கழித்தார். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்பது அதன் பெயர். 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு அது. விளையாட்டு என்று சொன்னாலும் கரம், செஸ் போன்றதல்ல. அதற்குள் காடு, மலை, ஆறு, ஊர், சந்தை எல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் இருக்கும். பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அந்த உலகத்துக்குள் நடமாடலாம். எழுத்து மூலமும் குரல் மூலமும் பேசிக்கொள்ளலாம். மனதுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்துக்கொள்வார்கள். மட்ஸ் சேர்ந்திருந்த குழுவின் பெயர் ஸ்டார்லைட். அங்கே அவர் பெயர் இபெலின். சக்கர நாற்காலியில் இருந்த அந்த இளைஞர் அங்கே பலசாலியான ஒரு வீரராக ஓடித் திரிந்தார்.

தாயும் தகப்பனும் நல்லவர்கள். பிள்ளை விளையாடட்டும் என்று விட்டார்கள். ஆனாலும் அவர்கள் உள்ளத்தில் ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. இரவு முழுக்க விழித்திருக்கிறான், பகலில் தூங்குகிறான், வெளியே யாரும் இல்லை. நமது மகனுக்குச் சிநேகிதம் என்றால் என்னவென்று தெரியாமலே போய்விடுமே. அவனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போய்விடுமே என்ற கவலைதான் அது.

2014 நவம்பரில், 25 ஆவது வயதில், மட்ஸ் இறந்துபோனார். அவர் இணையத்தில் தனது வாழ்க்கையைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதி வந்திருந்தார். அதன் இரகசியச் சொல் தகப்பனிடம் இருந்தது. மகனின் மரணச் செய்தியை அவர் அதில் எழுதி, தமது மின்னஞ்சல் முகவரியையும் கீழே போட்டார். யாராவது ஒருவர் பதில் எழுதுவார் என்ற எதிர்பார்ப்புக்கூட அவரிடம் அதிகம் இருக்கவில்லை.

பதில்கள் வந்தன. ஒன்று, இரண்டு, பின்னர் மழை போல வந்தன. முன்பின் அறியாதவர்கள், பல நாட்டார், பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். உங்கள் மகன் எனது கஷ்டத்தைக் கேட்டார், என் பிள்ளையோடு எப்படிப் பேசுவதென்று வழி சொன்னார், என் தனிமையைப் போக்கினார் என்றெல்லாம். தாயும் தகப்பனும் சகோதரியும் அவற்றை வாசித்து வாசித்து அழுதார்கள். பிள்ளையை இழந்த பிறகுதான் பிள்ளை யாரென்று அவர்களுக்குத் தெரிந்தது.

அடக்க நிகழ்வுக்கு நெதர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து அந்தச் சிநேகிதர்களில் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மட்ஸை உயிரோடு கண்டதில்லை. முதன்முதலாக அவர் அருகில் நின்றது அன்றுதான்.

மட்ஸ் செய்தது என்ன?

கேட்டால் சின்னக் காரியங்கள்தான். நெதர்லாந்தில் பாடசாலை மாணவி ஒருத்தி. படிப்பில் பின்தங்குகிறாள் என்று பெற்றோர் அவளுடைய கணினியைப் பறித்துக்கொண்டார்கள். அவளுக்கு இருந்த சிநேகிதர்கள் எல்லோரும் அதற்குள்தான் இருந்தார்கள். அவள் உடைந்துபோனாள். மட்ஸ் அவளது பெற்றோருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். அவரும் அப்போது வளரிளம் பருவத்துப் பையன்தான்.

டென்மார்க்கில் ஒரு தாய். அவருடைய மகன் ஒட்டிசம் உள்ளவன். அறையை விட்டு வெளியே வரமாட்டான், கட்டியணைக்க விடமாட்டான். நீங்களும் அவனோடு சேர்ந்து விளையாட்டுக்குள் வாருங்கள் என்று மட்ஸ் அந்தத் தாய்க்கு ஆலோசனை சொன்னார். தாய் போனார். அந்த உலகத்துக்குள் மகனின் உருவம் தாயின் உருவத்தை அணைத்துக்கொண்டது. அங்கிருந்து தொடங்கி வீட்டுக்குள்ளும் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஒரு வழி திறந்தது.

மட்ஸ் குறையற்ற மனிதர் என்று நினைக்க வேண்டாம். குழுவில் சிலரோடு மனஸ்தாபப்பட்டிருக்கிறார், புண்படப் பேசியிருக்கிறார். தமது நோயை நீண்ட காலம் எவருக்கும் சொல்லாமல் மறைத்தார். அனுதாபத்தோடு பார்க்கப்படுவதை அவர் விரும்பவில்லை. அங்கே அவர் நோயாளி அல்லர், சாதாரண மனிதர். சாதாரண மனிதராக இருக்கக் கிடைத்ததுதான் அவருக்கு அங்கே கிடைத்த பெரிய செல்வம்.

பெஞ்சமின் ரீ என்ற நோர்வே இயக்குநர் இந்தக் கதையை ஓர் ஆவணப்படமாக எடுத்தார். 2024 இல் அது வெளியாகி, பல நாடுகளில் பார்க்கப்பட்டது. ஸ்டார்லைட் குழுவினர் மட்ஸின் நினைவாக ஆண்டுதோறும் அந்த விளையாட்டு உலகத்துக்குள் ஒன்றுகூடுகிறார்கள். அவர் ஓடித் திரிந்த பாதையில் சேர்ந்து ஓடுகிறார்கள்.

சோறு வராத துக்கம்

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். ஒரு நாள் உங்கள் மகள் சாப்பிடாமல் இருக்கிறாள். கண் வீங்கியிருக்கிறது. விசாரித்தால், கூட விளையாடிய ஒரு பிள்ளை இறந்துவிட்டதாம் என்கிறாள். "யார் அது? எந்த ஊர்? நீ கண்டிருக்கிறாயா?" என்று கேட்கிறீர்கள். இல்லை என்கிறாள். "காணாத பிள்ளைக்கா இந்த அழுகை? எழும்பு, முகத்தைக் கழுவு" என்கிறீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? என் துக்கத்தை உம்மாவிடம் கொண்டுபோகக் கூடாது என்பதுதான்.

கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989 இல் வெளியான ஒரு நூலில் இப்படியான துக்கத்தைப் பற்றி விளக்கினார். சமூகம் ஏற்றுக்கொள்ளாத துக்கம் ஒன்று உண்டு; இழந்தவருக்கு அழும் உரிமையை எவரும் கொடுப்பதில்லை; அதனால் அந்தத் துக்கம் இன்னும் கனக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். கருவிலேயே கலைந்த பிள்ளைக்காக ஒரு தாய் அழும்போது "இன்னொன்று பிறக்கும்தானே" என்று வாயை அடைத்துவிடுகிறோம் அல்லவா? நம்மில் எத்தனையோ பேர் அந்த வேதனையை அறிந்தவர்கள். அந்த வீட்டுக்கும் அயலிலிருந்து சோறு வராது. கண்டிராத சிநேகிதனை இழந்த பிள்ளையின் துக்கமும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

அழுகையை நமது மார்க்கம் தடுக்கவில்லை. யூஸுப் நபியைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் நமக்குச் சொல்கிறது. தமது மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. ஒப்பாரியும் மார்பில் அடித்துக்கொள்வதும்தான் தடுக்கப்பட்டவை. ஆகவே அழும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவர்? உங்களோடு என்ன கதைப்பார்?" என்று கேளுங்கள். மௌத்தான வீட்டில் வந்தவர்களிடம் நாம் கேட்பதும் அதைத்தானே?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும், ஆடு அறுத்தால் அவர்களுடைய சிநேகிதிகளுக்குப் பங்கு அனுப்புவது நபி (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது. ஒருவர் தமது தகப்பனின் சிநேகிதர்களோடு உறவைப் பேணுவதும் சிறந்த நற்காரியமாக நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. மௌத்தானவருக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல, சிநேகிதர்களும் உண்டு. அவர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள் என்பது இதன் பொருள். சிநேகிதர் அடுத்த தெருவில் இருந்தால் ஒரு நீதி, இணையத்தில் இருந்தால் வேறு நீதியா? ஒஸ்லோவில் அந்தத் தகப்பன் நான்கு வரி எழுதிப் போட்டிராவிட்டால், பல நாடுகளில் இருந்தவர்கள் இபெலின் ஏன் வரவில்லை என்று காத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். பெற்றோரும் தங்கள் மகனை அறியாமலே இருந்திருப்பார்கள்.

மனிதர் இருக்கும் இடத்தில் கொடுமையும் உண்டு

எல்லாம் நன்மை என்று சொல்ல வரவில்லை. 2006 இல் இதே விளையாட்டுக்குள் வேறொரு சம்பவம் நடந்தது. குழுவொன்றைச் சேர்ந்த ஒருவர் பக்கவாதத்தால் இறந்துவிட்டார். பனி மூடிய ஓரிடமும் அங்கே மீன் பிடிப்பதும் அவருக்குப் பிரியமானவை. ஆகவே சிநேகிதர்கள் அந்த ஏரிக்கரையில் கூடி அவருக்கு மரியாதை செலுத்தத் தீர்மானித்து, நேரத்தையும் இடத்தையும் அறிவித்து, தயவுசெய்து குழப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். வரிசையில் அமைதியாக நின்றபோது எதிர்க் குழு ஒன்று திடீரென்று பாய்ந்து அனைவரையும் தாக்கியது. அதைப் படமெடுத்து இணையத்திலும் போட்டார்கள். விளையாட்டின் விதிப்படி அதில் பிழை இல்லை என்று சிலர் வாதாடினார்கள். விதி வேறு, மனிதத்தன்மை வேறு. ஜனாஸா போகும்போது எழுந்து நிற்கும் பழக்கத்தை எந்தப் பொலிஸும் வந்து நமக்குக் கற்றுத்தரவில்லை. உங்கள் பிள்ளைக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லி, நீ எந்தப் பக்கத்தில் நின்றிருப்பாய் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பாடம் அது.

ஏமாற்றும் உண்டு. 2001 இல் இணையத்தில் புற்றுநோயோடு போராடுவதாக எழுதி வந்த ஓர் இளம் பெண் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏராளமானோர் அழுதார்கள், பரிசுப் பொருட்களும் அனுப்பியிருந்தார்கள். சில நாட்களில், அப்படியொரு பெண்ணே இருக்கவில்லை, இன்னொருவர் புனைந்த கதை என்று தெரியவந்தது. ஆகவே "காணாத சிநேகிதர்" என்று வருபவரிடம் பிள்ளை பணம் கொடுக்கக் கூடாது, படம் அனுப்பக் கூடாது, வீட்டு விலாசம் சொல்லக் கூடாது, தனியே சந்திக்கப் போகக் கூடாது. இதில் தளர்வு வேண்டாம். ஆனால் பொய்யர்கள் சிலர் இருப்பதனால் மெய்யான சிநேகிதம் எல்லாம் பொய்யாகிவிடாது. சந்தையில் கலப்படம் இருக்கிறதென்று நாம் அரிசி வாங்காமல் விடுகிறோமா? பார்த்து வாங்குகிறோம்.

ஊரே மூடப்பட்டால்

இந்த உலகங்களில் இன்னொரு விதமான பிரிவும் உண்டு. ஆள் இருப்பார், ஊர் இல்லாமற் போய்விடும். கனடாவில் 2005 இல் சிறுவர்களுக்கென்று கிளப் பெங்குவின் என்ற ஓர் இணைய உலகம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு பெங்குவின் பறவையாக அதற்குள் போவார்கள். பனி வீடு கட்டுவார்கள், விருந்து வைப்பார்கள். 2007 இல் டிஸ்னி நிறுவனம் அதை வாங்கியது. 2017 மார்ச் மாத இறுதியில் மூடிவிட்டது.

அதற்குள் ஒரு பனிப்பாறை இருந்தது. போதுமான பெங்குவின்கள் ஒன்றாகக் கூடினால் அந்தப் பாறை சாயும் என்று பிள்ளைகளிடையே பல வருடங்களாக ஒரு வதந்தி. எத்தனையோ முறை கூடிப் பார்த்தார்கள், சாயவில்லை. மூடப்போகும் கடைசி மாதங்களில் நடத்துவோர் அதை மெய்யாகவே சாய வைத்தார்கள். வளர்ந்து பெரியவர்களான பலர் கடைசி இரவில் தங்கள் பழைய பெயரோடு திரும்பி வந்தார்கள். இணைப்பு அறுபடும் நிமிடம் வரை ஒருவரோடொருவர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாம் பிறந்து வளர்ந்த வீட்டை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது நெஞ்சுக்குள் ஒன்று அறுகிறதல்லவா? முற்றத்து மாமரமும் கிணற்றடியும் நமக்குச் சொந்தமில்லாமற் போனாலும், வழியால் போகும்போது எட்டியாவது பார்க்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு எட்டிப் பார்க்க ஒரு மதிலும் இல்லை. காரணம், அந்த நிலம் ஒருபோதும் அவர்களுடையது அல்ல, ஒரு கம்பெனியுடையது. இலாபம் குறைந்தால் கதவு சாத்தப்படும். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வைப்பது நல்லது. சிநேகிதம் உங்களுடையது, இடம் உங்களுடையது அல்ல. ஆகவே சிநேகிதத்தை அந்த ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். 2003 இல் தொடங்கிய செக்கண்ட் லைஃப் என்ற இணைய உலகத்துக்குள் 2007 இல் இஸ்லாம் ஒன்லைன் இணையத்தளம் மக்காவின் மாதிரி ஒன்றை அமைத்தது. ஹஜ் கிரியைகளை ஒழுங்காகப் பழகிக்கொள்வதற்கான பாடம் அது. அதைச் செய்தவருக்கு ஹஜ் நிறைவேறியது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பயணம் போகுமுன் பாதையை அறிய அது உதவியது. இந்த உலகங்கள் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதற்கு இதுவே நல்ல அளவுகோல்.

நினைவா, நிழலா?

2020 பெப்ரவரியில் தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஏழு வயது மகளை 2016 இல் நோயால் இழந்த ஒரு தாய். அந்தப் பிள்ளையின் உருவத்தைக் கணினியில் செய்து, தாயின் கண்களுக்கு ஒரு விசேட கருவியை மாட்டி, கைகளுக்கு உறை போட்டு, பூங்கா போன்ற ஓரிடத்தில் பிள்ளையைச் சந்திக்க வைத்தார்கள். பிள்ளை "உம்மா, எங்கே போனீங்க?" என்ற கருத்தில் பேசியது. தாய் கையை நீட்டித் தடவப் பார்த்தார். தேம்பித் தேம்பி அழுதார். பார்த்தவர்களும் அழுதார்கள். நல்ல கனவு கண்டது போல இருந்தது என்று அந்தத் தாய் பின்னர் சொன்னார். இது தாயின் புண்ணை ஆற்றுமா, மறுபடி கிழிக்குமா என்று பெரிய விவாதமே நடந்தது.

அந்தத் தாயைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளையை இழந்தவருக்கே அந்த வலி தெரியும். ஆனால் இரண்டு விடயங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மட்ஸின் ஆவணப்படத்திலும் உருவம் செய்யப்பட்டது, குரல்கூட நடிகருடையது. ஆனால் வார்த்தைகள் அவருடையவை. குழுவினர் சேமித்து வைத்திருந்த, சுமார் 42,000 பக்கங்கள் கொண்ட உரையாடல்களிலிருந்து எடுத்தவை. அவர் சொன்னதை மறுபடி கேட்கிறோம். கொரியாவில் அந்தப் பிள்ளையின் உருவம் பேசியதோ, மற்றவர்கள் எழுதிக் கொடுத்தது. முதலாவது நினைவு, இரண்டாவது நிழல்.

இன்று செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இறந்தவரின் குரலையும் பேச்சையும் கொடுத்தால், அவர் பேசுவது போலவே பேசும் கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. வாப்பாவின் பழைய குரல் பதிவைக் கேட்டு ஒரு துஆச் செய்வது வேறு. வாப்பா ஒருநாளும் சொல்லாததை வாப்பாவின் குரலில் ஓர் இயந்திரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு. மௌத்தானவர் மறுத்துப் பேச முடியாதவர். அவர் வாயில் நாம் வார்த்தையைப் போடக் கூடாது.

நமது நாட்டிலும்

திரையின் வழியாகத் துக்கம் கொண்டாடுவது நமக்குப் புதிதல்ல. மத்திய கிழக்கில் வேலை செய்யும் எத்தனையோ தாய்மார், சொந்த உம்மாவின் முகத்தைக் கடைசியாகக் கண்டது கையடக்கத் தொலைபேசியில்தான். 2020 இல் கொரோனாக் காலத்தில் இந்நாட்டில் ஜனாஸாக்களையும் எரிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை எத்தனை குடும்பங்கள் ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் முடியாமல், மையவாடிக்குக் கொண்டுபோகவும் முடியாமல் தவித்தன! ஒன்றுகூட முடியாத அந்த நாட்களில் ஆறுதல் வார்த்தை தொலைபேசியில்தான் வந்தது. தூரத்திலிருந்து வந்தது என்பதனால் அந்த ஆறுதல் பொய்யாகவில்லை. அது போதவுமில்லை. இரண்டும் உண்மை. கண்டிராத சிநேகிதர்களைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். அவர்கள் பொய்யல்லர், அவர்கள் மட்டும் போதவும் மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, தலையைச் சாய்க்க ஒரு மடி வேண்டும். அந்த மடி உங்களுடையதுதான் சகோதரிகளே.

செய்யக் கூடியவை

நாளைக்கு என்று தள்ளாமல் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளையிடம் கேளுங்கள். "எத்தனை மணித்தியாலம் விளையாடினாய்?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், "யாரோடு விளையாடினாய்? அவர் எப்படிப்பட்டவர்?" என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளை பொய் சொல்லும். இரண்டாவதற்குக் கதை சொல்லும். கதையைக் கேட்கும்போதுதான் நல்ல சிநேகிதம் எது, ஆபத்தான சிநேகிதம் எது என்று தாய்க்கு விளங்கும்.

இரண்டாவது, ஒரு நாளைக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். டென்மார்க்கில் அந்தத் தாய் செய்தது அதுதான். உங்களுக்கு விளையாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்த ஆறு எங்கே போகிறது, அந்தக் குதிரை யாருடையது என்று கேட்டாலே போதும். பிள்ளையின் முகம் மலரும். தொழுகை நேரம், படிப்பு நேரம், தூங்கும் நேரம் ஆகியவற்றில் கண்டிப்பாக இருங்கள். ஆனால் அந்தக் கண்டிப்பு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று அறிந்த ஒரு தாயின் கண்டிப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது, பெரியவர்களான நாமும் ஒரு தாளில் எழுதி வைப்போம். நமது மின்னஞ்சல் எது, படங்கள் எங்கே இருக்கின்றன, யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். கூகுள் நிறுவனம் 2013 முதலும், பேஸ்புக் 2015 முதலும், அப்பிள் 2021 முதலும் இதற்கென்று ஒரு வசதி வைத்திருக்கின்றன. நமக்குப் பின் யார் பொறுப்பு என்று இப்போதே குறித்து வைக்கலாம். கடன், அமானிதம் பற்றி வஸிய்யத் எழுதி வைப்பது போன்ற ஒரு பழக்கம்தான் இது. ஒஸ்லோவில் அந்த இரகசியச் சொல் தகப்பனிடம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நோயாளிப் பிள்ளை இருக்கலாம். நடக்க முடியாத, பேச முடியாத, வெளியே கொண்டுபோகக் கூச்சப்பட்டு உள்ளேயே வைத்திருக்கும் பிள்ளையாக இருக்கலாம். பாவம் என்று சொல்லிவிட்டு வராமல், உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு விளையாட்டை இருவரும் சேர்ந்து விளையாடட்டும். மட்ஸ் தமது மனிதர்களைக் கடல் கடந்து தேட வேண்டியிருந்தது. நமது அயலில் இருக்கும் பிள்ளைக்கு மனிதர்கள் மதிலுக்கு அப்பால்தான் இருக்கிறார்கள்.

பெற்ற பிள்ளையை அது உயிரோடு இருக்கும்போதே அறிந்துகொள்ளும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. இன்றிரவு உங்கள் பிள்ளை காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றும்போது, "உங்கட பிரெண்ட் சுகமா மகன்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.